கேம்ப்ல படுக்கிறதுக்குக் காசா?
பிள்ளைகளோடு தங்கிய இடங்களின் ஒரு சின்ன வரலாறு

டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ட்ரிப் போவதென்று முடிவானது. எங்கள் கூட்டத்தில் கல்யாணம் முடித்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவனுக்கு ஏழு வயது, கடைக்குட்டிக்குப் பத்து மாதம். பிள்ளைகள் கேட்டது தண்ணீர்ச் சறுக்கு. ஹங்வெல்லயா, பண்டாரகமயா என்று வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி. எதுவானாலும் பாலாவியிலிருந்து கொழும்பே ஏறக்குறைய 125 கிலோமீற்றர். போய் அன்றைக்கே திரும்புவதா, ஒரு இரவு தங்குவதா, தங்குவதென்றால் எங்கே என்று சண்டை தொடங்கியது.

அந்தச் சண்டையின் நடுவில் ஒருவன் ஒரு விளம்பரத்தைச் சத்தமாக வாசித்தான். "ஃபேமிலி கேம்ப்". கூடாரம், வெளியில் அடுப்பு, பொதுக் குழாய், இரவில் லாந்தர் வெளிச்சம். ஒரு குடும்பத்துக்கு ஒரு இரவுக்குக் கேட்ட காசு சின்னக் காசில்லை. பாயில் சாய்ந்திருந்த உம்மும்மா தலையைத் தூக்கிக் கேட்டா: "கேம்ப்ல படுக்கிறதுக்குக் காசா மகன்? நாங்க பதினெட்டு வருசம் சும்மாதானே கிடந்தோம்?"

எல்லாரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

பாலாவி யாரும் தங்குகிற ஊர் இல்லை. கொழும்பு - புத்தளம் வீதியில் இருந்து கற்பிட்டி வீதி பிரிகிற சந்தி இது. வெள்ளைக்காரர்கள் பலகையைக் கூரையில் கட்டிய வேனில் இடப்பக்கம் திரும்பி ஆலங்குடாவுக்கும் கண்டக்குழிக்கும் போவார்கள். உப்பு லொறி போகும், மீன் லொறி போகும், பெருநாள் காலத்தில் தலவில பஸ்கள் போகும். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போகிறவர்கள். அதனாலேயே தங்குமிடம் என்றால் என்ன என்று யோசிக்க இது நல்ல இடம் என்று நினைக்கிறோம். எங்கட ஆட்களில் ஒரு பாதி, தங்குவதற்கு இடம் தேடி இங்கே வந்தவர்களின் பிள்ளைகள்.

ஒரு தங்குமிடத்தைப் பற்றி நாங்கள் வழக்கமாகக் கேட்பது ஏசி இருக்கா, பூல் இருக்கா, வைஃபை இருக்கா என்றுதான். சின்னப் பிள்ளைகளோடு போகும்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது: இந்த இடம் பிள்ளையை எப்படிக் கணக்கெடுக்கிறது? கூடுதல் தலையாகவா, தொல்லையாகவா, விருந்தாளியாகவா? இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால் ஒரு சுவாரசியமான வரலாறு கிடைக்கிறது.

பாலும் சத்திரமும்

ஹோட்டல் வருவதற்கு முன் எங்கள் பக்கத்தில் வழிப்போக்கர் தங்கியது மடத்திலும் அம்பலத்திலும். அம்பலம் என்றால் பொது இடம். சிங்களத்தில் இன்றும் 'அம்பலம' என்றால் வழியோரத் தங்குமண்டபம்தான். குருநாகல் மாவட்டத்தில் பனாவிட்டிய போன்ற பழைய அம்பலங்கள் இன்னமும் நிற்கின்றன. மரத்தூண், ஓட்டுக்கூரை, சுற்றிவர உட்கார ஒரு திட்டு. கதவு இல்லை, பூட்டு இல்லை, கட்டணமும் இல்லை. மழைக்கு ஒதுங்கலாம், இரவு படுக்கலாம். ஆனால் சோறு கிடையாது. பிள்ளைக்குப் பசித்தால் உங்கள் பாடு.

கடலுக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூரில், கதை கொஞ்சம் வேறு. மராட்டிய மன்னர்கள் இராமேஸ்வரம் போகும் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டிவைத்திருந்தார்கள். அந்தச் சத்திரங்களுக்கென்று விடப்பட்டிருந்த நிலங்களின் வருமானம் பற்றி ஆங்கிலேயக் கம்பெனியோடு பேச்சு நடந்தபோது, 1801இல் மன்னர் இரண்டாம் சரபோஜி கம்பெனி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரம் என்ன செய்கிறது என்று அதில் விளக்குகிறார். வருகிறவர்களுக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியர், சத்திரத்தில் தங்கியிருக்கும்போது பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பராமரிப்பு, கைக்குழந்தைகளுக்குப் பால். பெற்றோர் வழியில் இறந்துபோனால் அந்தப் பிள்ளைக்குச் சத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம். அடுத்த வருடம், 1802இல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தையும் அவர் கட்டினார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஆச்சரியம். கைக்குழந்தைக்குப் பால் என்பது அரச கடிதத்தில் ஏறுகிற அளவுக்கு முக்கியமான விஷயமாக இருந்திருக்கிறது! அதற்காகச் சத்திரத்தைப் பொற்காலம் ஆக்கவும் முடியாது. அங்கே சாதி பார்த்துத்தான் பந்தி போட்டார்கள். யார் எங்கே உட்காருவது, யாருக்கு யார் சமைப்பது என்றெல்லாம் கட்டு இருந்தது. பிள்ளைக்குப் பால் உண்டு, ஆனால் எந்தத் திண்ணையில் வைத்துக் குடிப்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. நல்ல தங்குமிடத்துக்குள்ளும் இந்த இரண்டாவது கணக்கு ஒளிந்திருக்கும். இதைப் பிறகும் பார்ப்போம்.

தலவில வாடி

எங்கள் பக்கத்துக்கே திரும்புவோம். சத்திரம் போய்விட்டது, ஆனால் குடும்பம் குடும்பமாகப் போய்த் தங்குகிற பழக்கம் எங்கள் வீதியில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. கற்பிட்டி போகும் வழியில் உள்ள தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்தில் வருடத்துக்கு இரண்டு பெருநாள், மார்ச்சில் ஒன்று, ஓகஸ்டில் ஒன்று. கத்தோலிக்கர் மட்டுமில்லை, இந்துக்களும் பௌத்தர்களும் வருவார்கள். எங்கட ஊரிலிருந்து கடை போடப் போகிறவர்களும் உண்டு. அன்னம்மாள் மரியாளின் தாய், அதாவது இயேசுவுக்கு அம்மம்மா. பிள்ளை வேண்டி நேர்த்தி வைப்பதற்கும், கிடைத்த பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுவதற்கும் ஒரு அம்மம்மாவிடம் போகாமல் யாரிடம் போவது?

போனவர்கள் அன்றைக்கே திரும்புவதில்லை. மரநிழலில் கூடாரம் கட்டியும் தற்காலிகக் கொட்டில் போட்டும் நாட்கணக்கில் இருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் உள்ள கத்தோலிக்கத் தோழி சொல்கிறா: "எங்களுக்கு ரிசோர்ட் எண்டால் அதுதான். அப்பா முதல் செய்யிறது ஏணை கட்ட நல்ல கொப்புள்ள மரம் பாக்கிறது. மரம் கிடைச்சாப் பிறகுதான் மற்ற சாமான் வேனால இறங்கும்." பக்கத்துக் கொட்டிலில் யார் என்று தெரியாது, இரண்டாம் நாள் அவர்களுடைய பிள்ளையும் இவர்களுடைய பாயில்தான் படுத்திருக்கும். பிள்ளை அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து யாரும் தட்டமாட்டார்கள். சுவரே இல்லை.

குறைகளும் உண்டு. கழிவறைக்கு வரிசை, தண்ணிக்கு வரிசை. ஓகஸ்டில் தென்மேல் காற்றில் அந்தக் கடல் குளிக்கிற கடல் இல்லை, சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் கையை விடவே முடியாது. ஆனால் அங்கே ஒரு பிள்ளை கூடுதல் தலை இல்லை. பயணத்துக்கே காரணம் அந்தப் பிள்ளைதான்.

ரெஸ்ட் ஹவுஸ் காலம்

வெள்ளைக்காரன் காலத்தில் வீதிகள் வந்தன, வீதிகளோடு ரெஸ்ட் ஹவுஸ் வந்தது. ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்ற மாதிரி முக்கிய ஊர்களில் எல்லாம் ஒன்று இருந்தது. அடிப்படையில் அவை சுற்றிப் பார்க்கும் உத்தியோகத்தருக்காகக் கட்டப்பட்டவை. காசு கொடுத்தால் மற்றவர்களும் தங்கலாம், ஆனால் துரை வந்தால் அறை துரைக்கு. பிள்ளைகளோடு ஊர் சுற்றும் சாதாரணக் குடும்பம் அந்தக் கணக்கிலேயே இல்லை. அந்தக் குடும்பம் சொந்தக்காரர் வீட்டில் தங்கியது. பிறகு ரயில் வந்தது. 1926இல் பாதை புத்தளம் வரை நீண்டபோது பயணம் லேசானதே தவிர, தங்குவது இன்னமும் மாமி வீட்டில்தான்.

1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபையும் ஹோட்டல்கள் கூட்டுத்தாபனமும் அமைக்கப்பட்டன. பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கடற்கரை ஹோட்டல் 1969இல் வந்தது. அழகான கட்டடம், உலகம் பேசிய கட்டடம். ஆனால் அந்தக் காலத்து நோக்கம் வெளிநாட்டுப் பணம். உள்ளூர்க் குடும்பத்துக்குக் கிடைத்தது 'சர்க்கியூட் பங்களா'. அரச திணைக்களத்தில் யாராவது ஒரு மாமா வேலை செய்தால், அவருடைய பேரில் ஒரு கடிதம் போட்டு, நுவரெலியாவிலோ அநுராதபுரத்திலோ இரண்டு நாள். மாமா இல்லாதவர்களுக்கு வாடகை பஸ், சோற்றுப் பார்சல், பஸ்ஸிலேயே நித்திரை. இன்றைக்கும் எங்கட ட்ரிப்களில் முக்கால்வாசி இப்படித்தான்.

பிள்ளைக்கு இரண்டு டொலர்

குடும்பத்தையே வாடிக்கையாளராக நினைத்துக் கட்டிய தங்குமிடம் எங்கே பிறந்தது? அதற்குக் கொஞ்சம் வெளியே போகவேண்டும்.

இங்கிலாந்தில் பில்லி பட்லின் என்பவர் 1936இல் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் 'ஹொலிடே கேம்ப்' ஒன்றைத் திறந்தார். அதுவரை தொழிலாளர் குடும்பங்கள் தங்கிய கடற்கரை விடுதிகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போய்விட வேண்டும், இரவுதான் திரும்ப உள்ளே வரலாம். மழை பெய்தால் பிள்ளைகளோடு வீதியில். பட்லின் அந்த நிலைமையைப் பார்த்துத்தான் ஒரே கட்டணத்தில் சின்ன வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, விளையாட்டு எல்லாம் என்ற திட்டத்துக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து, 1938இல், சம்பளத்தோடு விடுமுறை தருவது பற்றிய சட்டம் அங்கே வந்தது. லீவும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் ரிசோர்ட் எதற்கு? இதை மறக்கக்கூடாது. உல்லாச விடுதியின் பின்னால் ஒரு தொழிலாளர் உரிமை நிற்கிறது. போர் தொடங்கியதும் ஸ்கெக்னெஸ் கேம்ப்பைக் கடற்படை எடுத்துக்கொண்டது. அதே சின்ன வீடுகள், அதே சாப்பாட்டு மண்டபம், உள்ளே மட்டும் சிப்பாய்கள். 'கேம்ப்' என்ற சொல்லுக்கு விளையாட்டும் போரும் எப்போதுமே பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான்.

அமெரிக்காவில் 1951இல் மெம்பிஸ் நகரத்து வீடு கட்டும் வியாபாரி கெமன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டனுக்குப் போனார். வழி நெடுக மோட்டல்களில் அறைக் காசுக்கு மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு டொலர் கேட்டார்கள். பிள்ளைகள் அதே அறையில்தான் படுத்தார்கள், ஆனாலும் தலைக்கு இரண்டு டொலர். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வந்து 1952 ஓகஸ்டில் மெம்பிஸில் முதல் 'ஹொலிடே இன்' திறந்தார். பெற்றோரோடு ஒரே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் காசு இல்லை. நீச்சல் தடாகம், பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை. இன்று நாங்கள் ஃபோனில் ரூம் தேடும்போது 'பன்னிரண்டு வயதுக்குக் கீழ் இலவசம்' என்று பார்க்கிறோமே, அதன் பின்னால் ஒரு தகப்பனின் அந்தக் கோபமும் இருக்கிறது.

தீம் பார்க்கும் ஹோட்டலும் ஒன்றாகச் சேர்ந்தது இன்னும் மூன்று வருடம் கழித்து. வோல்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்களை ராட்டினத்துக்குக் கூட்டிப்போய், அவர்கள் சுற்ற, தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஒரு இடம் ஏன் இல்லை என்ற யோசனை அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தது. பூங்கா கட்டியே காசு முடிந்துவிட்டது, ஹோட்டல் கட்டக் கையில் இல்லை. ஜாக் ரேதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர்தான் பூங்காவுக்கு எதிரே டிஸ்னிலேண்ட் ஹோட்டலைக் கட்டினார், அதே ஒக்டோபரில் திறந்தது. சுற்றிவர மற்றவர்களின் மோட்டல்கள் முளைத்தன. பூங்கா டிஸ்னியுடையது, அதைப் பார்க்க வந்தவர்களின் இரவு மற்றவர்களுடையது. இந்தப் பாடத்தால்தான் புளோரிடாவில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தை முன்கூட்டியே வாங்கி, 1971 ஒக்டோபர் 1இல் பூங்கா திறந்தபோது இரண்டு ஹோட்டல்களையும் சேர்த்தே திறந்தார்கள். பூங்காவிலிருந்து ஹோட்டலுக்கே ஒரு மோனோ ரயில்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த ரயிலுக்கு ஏன் காசு கொடுக்கிறார்கள்? எங்கள் குரூப் சண்டையின் விடை இதில்தான் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை மத்தியானம் ஒரு மணிக்கு நித்திரைக்கு வரும். வராவிட்டால் மூன்று மணிக்கு உலகம் அழியும். விடுதி பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்தால் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு வெயில் தாழத் திரும்பலாம். தூரத்தில் இருந்தால் தகப்பன் தோளிலோ தாய் மடியிலோ வைத்துக்கொண்டு நிழல் தேடவேண்டும். பக்கத்து விடுதியில் நாங்கள் வாங்குவது அந்த ஒரு மத்தியான நித்திரையைத்தான்.

எந்தப் பிள்ளைக்கு இலவசம்?

வில்சனின் கதை நல்ல கதை. ஆனால் அதற்குள்ளும் சத்திரத்துத் திண்ணை இருக்கிறது. 1952இல் மெம்பிஸில் கறுப்பினக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு போய் வெள்ளையரின் மோட்டலில் அறை கேட்க முடியாது. எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம் என்று சொல்வதற்கே விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயோர்க் தபால்காரர் 1936இலிருந்து ஒரு கைநூல் வெளியிட்டுவந்தார். 'கிரீன் புக்' என்று படத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்லின் கேம்ப் திறந்த அதே வருடம்!

1963 ஏப்ரலில் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் பிரபலமானது. அதில் அவர் அரசியல் மட்டும் பேசவில்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்த 'ஃபன்டவுன்' என்ற கேளிக்கைப் பூங்காவுக்குத் தன்னால் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு விடை சொல்ல நாக்கு எழாததைச் சொல்கிறார். எந்த மோட்டலும் ஏற்றுக்கொள்ளாததால் நெடும் பயணத்தில் இரவிரவாகக் காரின் மூலைகளில் முடங்கிப் படுப்பதையும் சொல்கிறார். பூங்காவும் தங்குமிடமும், இரண்டும் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. அடுத்த வருடம், 1964இல், சிவில் உரிமைகள் சட்டம் அந்தக் கதவுகளைத் திறக்கவைத்தது. அட்லாண்டாவில் ஒரு மோட்டல் உரிமையாளர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், தோற்றார்.

இது எங்கேயோ நடந்த கதை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து, குடும்பம் குடும்பமாக ஆட்கள் செத்தார்கள். கொழும்பு ரயிலில் நாங்கள் தாண்டிப் போகிற நீர்கொழும்பில் எத்தனை சின்னப் பிள்ளைகள். மே மாதம் எங்கட மாவட்டம் உட்பட வடமேற்கில் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஒரு முறை, எங்களில் ஒருவர் ஒரு விடுதிக்குக் கோல் எடுத்து ரூம் இருக்கா என்று கேட்டார். இருந்தது. பேரைச் சொன்னதும் ரூம் நிறைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து எங்கள் கத்தோலிக்கத் தோழி கோல் எடுத்தா. ரூம் திரும்ப இருந்தது. அன்றைக்கு நாங்கள் பிள்ளைகளிடம் "அங்க தண்ணி இல்லையாம்" என்று பொய் சொன்னோம்.

உம்மும்மாவின் கேம்ப்

இனி உம்மும்மாவின் கேள்விக்கு வருவோம். 1990 ஒக்டோபர் கடைசியில், வடக்கில் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவு ஆட்கள் பலர் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் காடும் வீதியுமாக நடந்து வந்தார்கள். புத்தளத்து ஆட்கள் பள்ளிவாசலைத் திறந்தார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், வீட்டு விறாந்தையைத் திறந்தார்கள். பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அவைதான் கேம்ப். பாலாவியைச் சுற்றி, கற்பிட்டி வீதி நெடுக.

உம்மும்மா சொல்வா, கொட்டில் கட்ட இடம் பார்க்கும்போது அவ கேட்டது இரண்டே கேள்வியாம்: கிணறு எவ்வளவு தூரம், ஏணை கட்டத் தடி தாங்குமா. நிவாரணக் காட்டில் பிள்ளையும் ஒரு தலை. ஆனால் அந்தத் தலைக்கு வயதாகிக்கொண்டே போனது, காட் மட்டும் மாறவில்லை. ஏணையில் கிடந்த பிள்ளை கொட்டிலிலேயே ஓ.எல். எழுதியது. உலக வங்கி உதவியோடு வீட்டுத் திட்டம் வந்தது 2007இல். இன்றைக்கு அந்தப் பிள்ளைதான் எங்கள் குரூப்பில் 'அட்டாச்டு பாத்ரூம் கட்டாயம்' என்று எழுதுகிறவர். அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்று எங்களுக்கு இப்போது விளங்குகிறது.

விருந்தாளி என்றால் ஒன்றிரண்டு நாள் என்று நினைக்கிறோம். புத்தளத்து ஆட்கள் பல வருடத்துக்கு விருந்தோம்பினார்கள். இடையில் தண்ணிக்கும் ஸ்கூல் இடத்துக்கும் தொழிலுக்கும் உரசலும் வந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. எந்த நட்சத்திர ஹோட்டலுக்கும் இந்த அனுபவம் கிடையாது.

கடலுக்கடியில் ஒரு பூங்கா

எங்கள் வாசலுக்கே ஒரு தீம் பார்க் ரிசோர்ட் வரவிருந்தது தெரியுமா? கற்பிட்டியின் 14 தீவுகளைச் சேர்த்து ஒரு பெரிய சுற்றுலாத் திட்டத்தை அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கில் ஹோட்டல் அறைகள், உள்நாட்டு விமான நிலையம், கோல்ஃப் மைதானம், அதோடு கடலடிக் கேளிக்கைப் பூங்கா! படத்தில் எல்லாம் நீலமாக இருந்தது. அந்தப் படத்தில் இல்லாதது, அந்தத் தீவுகளில் ஏற்கெனவே இருந்த வாடிகள். மீன் காய்கிற கரை, வலை இழுக்கிற பாடு, இப்பந்தீவு மாதிரி இடங்களில் தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள். வரப்போகிற படுக்கைகளை எண்ணினார்கள், இருக்கிற பாய்களை எண்ணவில்லை. கரைக்குப் போகும் பாதைக்கு வேலி வந்தபோது மீனவ அமைப்புகள் எதிர்த்தன. கடலடிப் பூங்கா படத்தோடு நின்றது.

ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் சின்னச் சின்ன விடுதிகள் வந்தன. அவற்றில் எங்கட ஊர்ப் பெடியன்கள் வேலை செய்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அவற்றில் பலவும் காற்றுக்கு வருகிற பட்டப் பலகைக்காரர்களை நினைத்துக் கட்டியவை. மே முதல் ஒக்டோபர் வரை அடிக்கிற காற்றில் பலகைக்காரனுக்குச் சொர்க்கம், பிள்ளைக்குக் கண்ணில் மணல். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு எங்கள் யோசனை: டொல்பின் பார்க்கக் கடல் அடங்கியிருக்கும் நவம்பர் - ஏப்ரலில் வாருங்கள், குளிக்கத் திறந்த கடலை விட ஆழமில்லாத களப்புப் பக்கம் நல்லது.

நாங்கள் கேட்ட கேள்விகள்

சரி, எங்கட ட்ரிப் என்னவானது? பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதியில் ஒரு இரவு என்று முடிவானது. காசு கூடத்தான். ஆனால் மத்தியான நித்திரை கட்சி வென்றது. கோல் எடுத்து இந்தக் கேள்விகளைக் கேட்டோம்: பிள்ளைகளுக்குத் தனிக் காசா, எத்தனை வயது வரை இல்லை? இரவு இரண்டு மணிக்குப் பால் கரைக்கச் சுடுதண்ணி கிடைக்குமா? பிள்ளைகளின் தடாகம் வேறாக இருக்கா, எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஆள் நிற்குமா? மாடி அறையென்றால் பல்கனிக் கம்பிக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? சாப்பாடு ஹலாலா, எங்கட பெண்கள் முழு உடுப்போடு தண்ணியில் இறங்கலாமா? எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கள் முழுப் பேரையும் சொன்னோம். பேருக்குப் பிறகும் ரூம் இருக்கிற இடத்தைத்தான் பிடித்தோம்.

கடைசியாக உம்மும்மா ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளச் சொன்னா. அதையும் கேட்டோம். ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருந்த பெடியன் விளங்காமல் இரண்டு தரம் கேட்டான். பிறகு, "ஏணைதானே அக்கா? எங்கட அம்மாவும் கேப்பா. ஜன்னல் கம்பி பலம்தான், கட்டலாம்" என்றான்.

உம்மும்மா வரவில்லை. "நான் கேம்ப் பாத்தாச்சு, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டா. போகும்போது ஏணைச் சீலையை மட்டும் மடித்துப் பையின் மேலே வைத்தா.